கட்டம் போட்ட நோட்டில் ப்ளூஸ்

முப்பத்தோரு வருடம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். சிவப்பு மைப் பேனா இல்லாமல் ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. எத்தனை பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவற்றில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. இருக்கிற ஒரே நோட்டு என் வீட்டுக்காரருடையது.

கணக்குப் பாடத்துக்குப் பிள்ளைகள் வாங்குகிற கட்டம் போட்ட நோட்டு அது. ஆனால் உள்ளே கணக்கு கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு நாலாக மூன்று வரிசை, மொத்தம் பன்னிரண்டு கட்டம். மேலே தேதியும் கிழமையும். கீழே என் குறிப்பும் கையெழுத்தும். கட்டங்களுக்குள் சிவப்பு வட்டங்கள். அவர் சாக்ஸபோனில் ப்ளூஸ் பழகிய நோட்டு இது என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டாச்சே, ஸ்ரீவில்லிபுத்தூரில் ப்ளூஸா என்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ப்ளோ ரூமில் வேலை பார்த்தார். பஞ்சு மூட்டைகளைப் பிரித்து மெஷினுக்குள் போடுகிற இடம் அது. மெஷின் பஞ்சை அடித்து உதறும். உதறிய தூசி அந்த அறைக்குள்ளேயே நிற்கும். ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில் முந்தானையால் அதைத் துடைத்துவிடுவது எனக்கு விளையாட்டாக இருந்தது.

மில் போக மிச்ச நேரத்தில் ஒரு பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தார். கல்யாண ஊர்வலம், கோயில் சப்பரம், சர்ச் பண்டிகை, இழவு வீடு என்று யார் கூப்பிட்டாலும் போகிற செட். அவருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் வாசித்துவிடுவார். நான் நேர் எதிர். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவள். ஐந்து கோட்டில் எழுதியிருந்தால் எதையும் பாடுவேன், எழுதாததைப் பாட எனக்கு வாய் திறக்காது. எங்கள் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும். மீதிப் பாதி என் கோபத்தில் ஆரம்பிக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். இவர்கள் செட் வாசித்த அந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளியாக ஒருவர் வந்திருந்தார். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில், சாயங்கால வேளையில் வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கிற நாலு பேர் குழுவுக்கு அவர்தான் தலைவர், பியானோக்காரர். ஊர்வலம் முடிந்ததும் இவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவர்களுடைய சாக்ஸபோன்காரர் துபாய்க்குப் போகப்போகிறாராம். இவர் நோட்ஸ் பார்த்து வாசிக்கப் பழகி, லேசான ப்ளூஸ் பாட்டுகள் பத்துப் பன்னிரண்டு கைவசம் வைத்துக்கொண்டால், மேனேஜரிடம் சொல்லி அந்த இடத்தில் சேர்த்துவிடலாமாம். பத்து நாள் கழித்துத் தபாலில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்தது. சாக்ஸபோன் பழகத் தொடங்குகிறவர்களுக்கு எளிய ப்ளூஸ் மெட்டுகள். மொத்தம் பதினான்கு.

"அங்க பஞ்சு கிடையாது ஏட்டி. மலைக்காத்து," என்றார் அவர். காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டுவிட்டார்.

அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவரோடு ப்ளோ ரூமில் நின்ற ஒருவர் அந்த வருடம்தான் இறந்துபோனார். டி.பி. என்று சொன்னார்கள். கடைசி மாதங்களில் அந்த மனுஷனால் படுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். அவருடைய சவ ஊர்வலத்துக்கு இவர்கள் செட்தான் வாசித்தது. அதற்குப் பிறகு இவர் வீட்டில் மில்லைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். இவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நெஞ்சு கெடுவதற்கு முன்னால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு வழி அந்தப் பதினான்கு மெட்டுகள் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு பக்கமும் ஒட்டுச் சுவர். முதல் நாள் வீட்டில் வைத்து ஊதியபோது பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாரு தவறிட்டாவ?" என்று கேட்டார். செட்டின் சாக்ஸபோன் தெருவில் கேட்டால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. அன்று கல்யாணம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டாம் நாளும் அதே கேள்வி வந்ததும் இது நடக்காது என்று புரிந்தது.

அப்போது நான் வன்னியம்பட்டியில் வேலை பார்த்தேன். தலைமையாசிரியையிடம் கேட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு மூன்றாம் வகுப்பு அறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கினேன். முதல் ஷிப்டு வாரங்களில் அவர் மில்லிலிருந்து நேராகச் சைக்கிளில் அங்கே வந்துவிடுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்காருவார். நான் கரும்பலகையில் ஐந்து கோடு இழுத்து மெட்டை எழுதுவேன். வீட்டில் என்னை ஏட்டி என்று கூப்பிடுகிறவர் அந்த அறைக்குள் வந்ததும் டீச்சர் என்பார். முதலில் கேலியாகத்தான் சொன்னார். போகப் போக அது கேலியாக இல்லை. நானும் அவரை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவராகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

முதல் மாதமே பெரிய சண்டை. புத்தகத்தில் உள்ள முதல் மெட்டுக்கு மூன்றே சுரம். என்னுடைய சின்ன ஆர்மோனியத்தை அவர் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார். நான் அதில் வாசித்துக் காட்டுவேன், அவர் ஊதுவார். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. நான் எழுதியிருக்கிறபடிதான் வாசிக்கிறேன். அவரும் எழுதியிருக்கிற சுரத்துக்குரிய விரலைத்தான் வைக்கிறார். ஆனால் ஒன்று வடக்கே போனால் இன்னொன்று தெற்கே போகிறது. தப்பு அவருடையது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெயிலில் ஊர்வலம் போய்ப் போய்க் காது கெட்டுவிட்டது என்றேன். வாத்தியம் ஓட்டை என்றேன். அவர் ஊதுவாயைக் கழற்றித் துடைத்து, உள்ளே தள்ளிப் பார்த்தார், வெளியே இழுத்துப் பார்த்தார்.

"எனக்குத்தான் பிடிபடல டீச்சர். இன்னொரு தரம் வாசிங்க," என்றார்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னுரைதானே என்று நான் படிக்காமல் தள்ளிய முதல் பக்கத்தைச் சும்மா புரட்டினேன். பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஸி என்று எழுதியிருப்பதை ஊதினால் வெளியே கேட்பது ஈ-பிளாட். ஆகவே கூட வாசிக்கிற பியானோக்காரர் சுரத்தை மாற்றி வாசிக்க வேண்டும். மூன்று வாரமும் தப்பு என்னுடையது. அவரிடம் அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. மறுநாள் ஆர்மோனியத்தில் வேறு கட்டையில் பிடித்தேன். இரண்டும் அழகாகச் சேர்ந்துகொண்டன.

"பாத்தீங்களா, இப்ப வந்துட்டு," என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். "பழகினா எல்லாம் வரும்," என்றேன் நான். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மெட்டு பிடிபட்டதும் அவருக்கு அந்தப் பாட்டுகள் ரொம்பப் பிடித்துப்போயின. ப்ளூஸ் மெட்டு பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு தாளத் தட்டு. நாலு கட்டம் ஒரு வரி, மூன்று வரி. முதல் வரியில் சொன்னதையே இரண்டாம் வரியிலும் சொல்லும். மூன்றாவது வரியில்தான் வேறு பேச்சு வரும். செட்டில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஒப்பாரி மாதிரி இருக்கிறது என்றாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒப்பாரி இல்ல. ரேஷன் கடையில நிக்கிற பொம்பள. மண்ணெண்ணெய் இல்லையா, அப்படிம்பா. எடை போடுதவன் பேசமாட்டான். மண்ணெண்ணெய் இல்லையா, அப்படிம்பா மறுபடியும். அப்பவும் பேசமாட்டான். பொறவு மூணாவதா, அப்ப போர்டுல எதுக்குலே எழுதிப் போட்ட அப்படிம்பா. அம்புட்டுதான்."

சொல்லிவிட்டு அதை அப்படியே ஊதியும் காட்டினார். புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் விளக்கியிருந்ததை அவர் மண்ணெண்ணெயில் முடித்துவிட்டார். ஐந்தாம் கட்டத்தில் மெட்டுக்கு அடியில் சுரம் மாறும், மேலே இருக்கிற மெட்டு மாறாது. கேள்வி அதேதான், இப்போது குரல் இறங்கியிருக்கிறது என்பார் அவர். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிடக்கிற ஒரு சுரம் ப்ளூஸில் அடிக்கடி வரும். எனக்கு அது எந்தக் கட்டையிலும் அகப்படாது. அவர் உதட்டை லேசாகத் தளர்த்தி அதைத் தொட்டுவிட்டு வருவார்.

பன்னிரண்டை எண்ணுவதிலும் எனக்குத்தான் குழப்பம். எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணும்போது கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவோம். ஒரு விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. நான் சுட்டுவிரலில் மேலிருந்து கீழே மூன்று, பிறகு நடுவிரலில் மூன்று என்று எண்ணுவேன். வரியோ நாலில் முடிகிறது. அவர் ஐந்தாம் கட்டத்துக்குள் போகும்போது நான் நடுவிரலின் நடுவில் தடுமாறிக்கொண்டிருப்பேன். அவர்தான் என் கையைப் பிடித்துக் காட்டினார்.

"கீழ வராதீங்க டீச்சர். குறுக்க போங்க. நாலு விரல் நுனியும் மொத வரி. நடுக்கணு நாலும் ரெண்டாவது வரி. அடிக்கணு நாலும் மூணாவது. கையிலயே எழுதிருக்கு பாருங்க."

அதற்குப் பிறகு எனக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை. பஸ்ஸில், சர்ச்சில், சமைக்கும்போதும்கூட என் கட்டைவிரல் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்.

இனி நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கோட்டுக்கு மேலே கமா போல ஒரு சின்னக் குறி இருந்தது. மூச்சுக்குறி. அங்கேதான் மூச்சு எடுக்க வேண்டும். நாலு கட்டத்துக்கு ஒரு மூச்சு, முழுப் பாட்டுக்கும் மூன்று. பாடகர் குழுவில் எங்களுக்கு இது கண்டிப்பான விஷயம். வார்த்தைக்கு நடுவில் மூச்சு எடுத்த பெண்ணை நடத்துனர் எழுப்பி நிறுத்திவிடுவார். அதனால் நானும் கண்டிப்பாக இருந்தேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, தினமும் பன்னிரண்டு கட்டத்தை வரைந்து, குறி இல்லாத இடத்தில் அவர் மூச்சு எடுத்தால் அந்தக் கட்டத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். பிள்ளைகள் நோட்டில் போடுவதுபோலவே தேதி, கிழமை, கையெழுத்து. கீழே ஒரு வார்த்தைக் குறிப்பு. நன்று. பரவாயில்லை. கவனம் போதாது.

அவருக்கு மில்லில் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாவகாசமாக வருவார். செவ்வாய்ப் பக்கங்களில் வட்டமே இருக்காது. புதன்கிழமை வந்தால் தலைகீழ். மூன்றாம் கட்டத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று, பத்தில் ஒன்று என்று பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும். நெஞ்சைப் பிடித்தாற்போல இருக்கிறது என்பார். வியாழன், வெள்ளியில் கொஞ்சம் தேறிவிடுவார்.

எனக்கு இதில் எந்த மர்மமும் தெரியவில்லை. லீவு முடிந்து வருகிற நாளில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று தெரியாத டீச்சர் உண்டா? திங்கட்கிழமை காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டார்கள். இவருக்குத் திங்கள் புதன்கிழமையில் வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். புதன்கிழமைப் பக்கங்களின் கீழே ஒரே வார்த்தையை எழுதினேன். சோம்பல்.

"இருமல் வந்தா செத்த நேரம் நிப்பாட்டிக்கிடலாமா டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மூணு வரிதானே. முடிச்சிட்டு இருமுங்க," என்றேன்.

சாக்பீஸ் தூள்தான் இருமலுக்குக் காரணம் என்று முடிவு செய்து கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன். என்னால் முடிந்த அக்கறை அது. காலையில் எட்டு மணி நேரம் பஞ்சுக்குள் நின்றுவிட்டு வருகிற மனுஷனுக்கு நான் சாக்பீஸ் தூளை ஒதுக்கிக்கொடுத்தேன்.

துபாய் போகிறேன் என்ற சாக்ஸபோன்காரருக்கு விசா வருவதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் கொஞ்சம் பழகுங்கள் என்று பியானோக்காரரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டரை வருடம் பழகினோம். பதினான்கு மெட்டும் பார்க்காமலே வந்தன. நோட்ஸ் படிக்கவும் வந்துவிட்டது. ஆனால் நோட்டில் வட்டங்கள் குறையவில்லை. கடைசி ஆறு மாதத்தில் வெள்ளிக்கிழமையிலும் வட்டம் இருந்தது, திங்கட்கிழமையிலும் இருந்தது. செவ்வாய்க்கிழமைகூடச் சுத்தமாக இல்லை. பழகப் பழகக் கூடுகிற தப்பை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நானும் கூடப் போனேன். மலையேறுகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாயைத் திறந்து அந்தக் காற்றைக் குடிப்பதுபோல இழுத்துக்கொண்டே வந்தார். ஹோட்டல் சாப்பாட்டு ஹாலில் மத்தியான வேளையில் ஆளில்லை. பியானோக்காரர் இருந்தார், டிரம்ஸ்காரர் ஒருவர் இருந்தார், மேனேஜர் ஒரு மேசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். இவர் வாத்தியத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"என்ன ஆனாலும் சரி, குறி போட்ட எடத்துல மட்டும்தான் மூச்சு. நடுவுல எடுத்தா படிக்காத ஆளுன்னு தெரிஞ்சிரும்."

"சரி டீச்சர்," என்றார்.

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை எண்ணத் தயாராக வைத்துக்கொண்டேன். முதல் வரி. சுட்டுவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் ஒரே மூச்சு. மண்ணெண்ணெய் இல்லையா. மேனேஜர் கட்டியிருந்த கையைப் பிரித்து மேசையில் தாளம் போட்டார். இரண்டாம் வரி, நடுக்கணு நாலு. ஏழாம் கட்டத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த இடத்தில் அவர் எப்போதும் மூச்சு எடுப்பார், எத்தனை வட்டம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எடுக்கவில்லை. நான் சொன்னபடி வரி முடிவு வரைக்கும் பிடித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒளிப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் வரி. ஒன்பது. பத்தாம் கட்டத்தில், நடுவிரலின் அடிக்கணுவில் என் கட்டைவிரல் இருந்தபோது, சத்தம் நின்றுவிட்டது. வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். அதன் பிறகு இருமல். பியானோ நின்றது, டிரம்ஸ் நின்றது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், குடிக்க முடியவில்லை. முகம் கறுத்துப்போய், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த ஹாலில் இருந்த காற்றில் தனக்கு ஒரு வாய் கிடைக்காதா என்று அலைந்தார். அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மேனேஜர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

பியானோக்காரர் நல்ல மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, முதல்ல இவரை நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம். வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் மூச்சைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வாசிக்கிறார்?"

"புக்குல மூச்சுக்குறி அங்கதானே சார் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "அது புதுசாப் பழகறவங்களுக்கு ஒரு ஒத்தாசைக்குப் போட்டதும்மா. ப்ளூஸ்ல மூச்சு எங்க வேணாலும் எடுக்கலாம். எடுக்கிற இடத்துலதான் அழகே இருக்கு."

திரும்பி வரும்போது வத்தலக்குண்டு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டரை வருசம். கடைசியில மூணு வரி ஒங்களால முடியலையே," என்றேன். பியானோக்காரர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. ஆர்மோனியத்துக்கு அடுத்து நான் மறைத்த இரண்டாவது விஷயம் அது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பத்தாவதுல விட்டுட்டேன் டீச்சர்," என்றார். அந்த அறைக்கு வெளியே அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு சாக்ஸபோன் பரணுக்குப் போனது. செட்டுக்கும் போகவில்லை. மில்லுக்குப் போனார், போகாமல் எப்படி? நெஞ்சு டாக்டரிடம் காட்டலாம் என்றால், சளிதானே, எதுக்கு மதுரைக்கு அலையணும் என்பார். உள்ளூரில் ஒரு டாக்டர் சளி மருந்து கொடுத்தார். இன்னொருவர், ஜென்மத்தில் பீடியைத் தொடாத மனுஷனைப் பார்த்து, பீடியை விடு என்றார். ஒன்றரை வருடம் இப்படி ஓடிய பிறகு, ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வர முடியாமல் வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் நாலு வருடம்தான் இருந்தார். மில்லில் ப்ளோ ரூமிலிருந்து மாற்றி கேட்டில் உட்கார வைத்தார்கள். அது ரொம்பத் தாமதம். கடைசி வருடம் அவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் தூங்கினார். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது மதுரை டாக்டரிடம் நடந்ததை.

முதல் தடவை போனபோது டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ஒரு குழாயில் ஊதச் சொன்னார். எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "ரெண்டு மூணு மாசமா சார்," என்றார் இவர். டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. எப்போது ஆரம்பித்தது, எந்த நாளில் கூடுகிறது, எந்த நாளில் குறைகிறது, வீட்டில் போய் நன்றாக யோசித்து அடுத்த தடவை வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள் என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. மெட்டுக்கு நடுவில் மூச்சு எடுத்த நாளெல்லாம் அதில் தேதி போட்டு இருக்கிறதே, எப்போது ஆரம்பித்தது என்றாவது தெரியும் என்று பையில் எடுத்து வைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் நோட்டைக் கொடுத்து, பன்னிரண்டு கட்டம் என்ன, வட்டம் என்ன என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு வேகமாகப் புரட்டினார். பிறகு நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக் கேட்டார்.

"மில்லுல உங்களுக்கு என்னைக்கு லீவு?"

"செவ்வாக்கிழமை சார்."

"ம்." மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "பஞ்சு தூசிக்கு இதுதான் வழக்கம். லீவு அன்னைக்கு நெஞ்சு கொஞ்சம் தேறும். மறுநாள் உள்ள போனதும் இறுக்கிப் பிடிக்கும். ஆரம்பத்துல அந்த ஒரு நாள் மட்டும். அப்ப வெளிய வந்துட்டா முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடும். பிறகு எல்லா நாளும்னு ஆயிடும். அப்புறம் நாம செய்யறதுக்கு அதிகம் இல்லை." நோட்டைத் தட்டினார். "நாலு வருஷம் முன்னாடி, முதல் மாசத்துலயே இதுல இருக்கு. யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா…"

அவர் முடிக்கவில்லை. ஒரு புதன்கிழமைப் பக்கத்தின் அடியில் கண் நின்றுவிட்டது. அடுத்த புதன்கிழமையைப் பார்த்தார், அதற்கடுத்த புதன்கிழமையைப் பார்த்தார். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும், யாராலும் படிக்க முடியும்.

"சோம்பல்," என்று படித்தார். "இதையெல்லாம் எழுதினது யாரு?"

என் வீட்டுக்காரர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பேசுவதற்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"டீச்சர் எழுதுனது சார்," என்றார். "அவிய மேல தப்பு இல்ல. நான்தான் சரியா வாசிக்கல."